முசுறுக்கு ஒரு பந்தல்



பூச்சிகளைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பட்டாம்பூச்சிகள்தான் வந்து குவியும் என்று நினைத்தேன். வந்ததோ வேறு ஊர்வலம். கறிவேப்பிலைச் செடியில் இலையைக் கொறித்துக்கொண்டிருந்த பச்சைப் புழு, குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சி, ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டிய குளவி, திண்ணையோரப் புழுதியில் குழி பறித்துப் பதுங்கியிருந்த குழிநரி. தாத்தா குடை பிடிக்க, அந்த நிழலில் பேத்தி செல்பேசியால் எடுத்த படம் ஒன்றும் உண்டு. அந்தக் குடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வீட்டைச் சுற்றி இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை உங்களில் பலர் இந்த மாதம்தான் கவனித்திருக்கிறீர்கள். கடிதங்களைப் படிக்கப் படிக்க மனம் நிறைந்துவிட்டது.

ஒரு கடிதத்தை மட்டும் ஒரு வாரமாக மேசைமேலேயே வைத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதியது. வீட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டுவதை ஐந்து படங்களாக எடுத்து அனுப்பியிருக்கிறார். "எறும்பின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடுகிறது. கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பின்னால் எல்லாம் கன்னங்கரேல் என்று போய்விடுகிறது. வேறு கேமரா வாங்கினால்தான் சரியாகும் என்கிறான் அண்ணன். அப்பாவிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கேமராதான் காரணமா, ஐயா?"

இல்லை, தங்கையே. அப்பாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஐந்து படங்களும் பகல் பன்னிரண்டரை மணியை ஒட்டி, கேமராவின் தலையிலேயே இருக்கும் சின்ன ஃப்ளாஷை நேராக அடித்து எடுக்கப்பட்டவை. இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டு இன்னும் பலர் எழுதியிருப்பதால், இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். 1665-இல் லண்டனில் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் ஹூக். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நுண்ணோக்கியில் பார்த்த தெள்ளுப்பூச்சியையும் பேனையும் மடித்து வைத்த பெரிய தாள்களில் வரைந்து காட்டி, படித்தவர்களைத் திகைக்க வைத்த புத்தகம் அது. அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு மூட்டும் தெளிவாகத் தெரியும். எனக்கு அவற்றைவிடப் பிடித்தது அந்தப் புத்தகத்தின் முன்னுரை. வெளிச்சத்தோடு பட்ட பாட்டை ஹூக் அதில் விவரமாகச் சொல்கிறார். ஒரே ஈயின் கண் ஒரு வெளிச்சத்தில் துளையிட்ட சல்லடையாகத் தெரிகிறதாம். வெயிலில் பார்த்தால் பொன் ஆணிகள் அடித்த பலகை, வேறு கோணத்தில் பார்த்தால் வரிசை வரிசையாகக் கூம்புகள். எது உண்மையான உருவம்? பல வெளிச்சங்களில், பல நிலைகளில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் என்று உறுதியான பிறகே வரையத் தொடங்கினேன் என்கிறார்.

நேர் வெயில் பட்டால் கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு வந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடுகிறது. அதற்கு அவர் கண்ட வழி, எண்ணெய் தடவிய ஒரு துண்டுக் காகிதம். பூச்சிக்கு வெகு அருகில், பூச்சிக்கும் வெயிலுக்கும் நடுவே அதை நிறுத்தி, பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைத் திரட்டி அந்தக் காகிதத்தின்மேல் விழச் செய்தார். காகிதம் கருகாத அளவுக்கு. வெளிச்சம் காகிதம் முழுவதும் பரவி, மறுபக்கம் மெத்தென்று இறங்கியது. எல்லா உறுப்பிலும் ஒரே சீராக விழுந்தது. பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய இடம் பால் நிறத்தில் ஒளிரும். அவ்வளவுதான் அவருடைய கருவி. ஃப்ளாஷ், டிஃப்யூசர் என்று நாம் இன்று சொல்வதெல்லாம் அந்த வெயிலும் அந்தக் காகிதமும்தான்.

இப்போது முசுறின் முதுகுக்கு வருவோம். எறும்பின் உடல் மெருகேற்றிய பித்தளைச் செம்பு மாதிரி. எந்த வெளிச்சம் அதன்மேல் விழுகிறதோ, அந்த வெளிச்சத்தின் உருவத்தையே அது திருப்பிக் காட்டும். சூரியன் எவ்வளவு பெரியதானாலும் வெகு தொலைவில் இருப்பதால், நம் கண்ணுக்கும் எறும்புக்கும் அது வானத்தில் ஒரு பொட்டுதான். அந்தப் பொட்டு முதுகில் வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. மற்ற இடமெல்லாம் இருண்டுபோகிறது. கேமராத் தலையில் இருக்கும் ஃப்ளாஷும் அப்படியே. வெள்ளைத் திட்டு தோன்றிய இடத்தில் விவரம் எதுவும் பதிவாகியிருக்காது. கணினியில் எவ்வளவு இழுத்தாலும் வராது. திட்டு பெரிதானால்தான் அதன் வெண்மை தணியும். அதற்கு வெளிச்சம் பெரிதாக வேண்டும். பூச்சியின் அருகே வரவும் வேண்டும்.

எவ்வளவு பெரிதாக? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள முசுறுக்கு மேலே பத்து செ.மீ. உயரத்தில், இருபது செ.மீ. அகலமுள்ள ட்ரேசிங் தாளைப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அகலம் எறும்பின் நீளத்தைப்போல 25 மடங்கு. மனித அளவுக்குக் கொண்டுவந்தால், நம் தலைக்கு இருபது மீட்டர் உயரத்தில் நாற்பது மீட்டர் அகலத்துக்கு வெள்ளைத் துணிப் பந்தல் போட்டதற்குச் சமம். கல்யாண வீட்டுப் பந்தலுக்குக் கீழே எல்லோர் முகமும் அழகாகத் தெரிவதற்குக் காரணம் என்னவோ, அதுவேதான் இங்கேயும். அதே தாளை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் பந்தல் கைக்குட்டையாகிவிடும். பெரிய டிஃப்யூசர் வாங்கி அதைத் தூரத்தில் வைத்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று எழுதியிருக்கும் நண்பர்கள், அதை இன்னும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பூச்சியின் மீசைக்கு இடிக்காத அளவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம்.

டிஃப்யூசர் செய்வதற்குச் செலவே இல்லை. பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், ட்ரேசிங் தாள், பழைய வெள்ளை வேட்டித் துணி, பால்வெள்ளை டப்பா மூடி, எது கிடைத்தாலும் சரி. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். முதல் அடுக்கு வெளிச்சத்தைப் பரப்பும். இரண்டாவது அடுக்கு நடுவில் தங்கும் வெளிச்சப் பொட்டைக் கரைக்கும். ஃப்ளாஷை லென்ஸின் முன்நுனிக்கு மேலே வருமாறு அமைத்து, தாளை முன்னால் சற்றே வளைத்துக் கட்டினால், பூச்சியின் முகத்துக்கும் வெளிச்சம் இறங்கும். வயிற்றுப் பக்கம் இருட்டாக இருந்தால் கீழே ஒரு வெள்ளை அட்டைத் துண்டை நீட்டுங்கள். ஹூக் ஈயின் கண்ணை உற்றுப் பார்த்தபோது ஒவ்வொரு முகப்பிலும் தன் ஜன்னலும் வெளியே நின்ற மரமும் தன் விரல்களும் பிரதிபலிப்பதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். உங்கள் படத்திலும் அது நடக்கும். பொன்வண்டின் முதுகில் உங்கள் டிஃப்யூசரின் விளிம்பு அப்படியே விழும். கிழிசல் தாளைக் கட்டினால் அந்தக் கிழிசலும் படத்தில் வரும். அதனால் விளிம்பைச் சீராக வெட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன வேலையை நான் பல வருடம் அலட்சியப்படுத்தினேன்; அந்த வருடங்களில் எடுத்த வண்டுப் படங்களில் ஒன்றைக்கூட இந்த இதழில் போட மனம் வரவில்லை.

தாத்தாவின் குடைக்கு இங்கேதான் இடம். அவர் பிடித்தது கறுப்புக் குடை. கடும் வெயிலை மறைத்து, சுற்றுப்புற வானத்தின் பரவலான வெளிச்சத்தை மட்டும் பூச்சிக்கு விட்டது. செல்பேசிக்கு அது போதும். அந்தப் படத்தில் தும்பியின் இறக்கை நரம்புகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. விலை உயர்ந்த லென்ஸ்களில் எடுத்த பல படங்களைத் தள்ளிவைத்து இதைத்தான் 14-ஆம் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். வெள்ளைக் குடை கிடைத்தால் அடுத்த முறை அதைப் பிடிக்கச் சொல்லுங்கள், அம்மா.

அடுத்து எக்ஸ்போஷர். மேக்ரோவில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று கேட்கிறீர்கள். முதல் காரணம், நெருங்க நெருங்க வெளிச்சம் குறைகிறது. 1:1 என்றால் பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழுகிறது. ஒரு ரூபாய் நாணயம், முழுச்சட்ட சென்சாரின் 24 மி.மீ. உயரத்துக்குள் கிட்டத்தட்ட நிறைந்து நிற்கும். அந்த நெருக்கத்தில் நீங்கள் எஃப்/8 வைத்தாலும் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் எஃப்/16-க்கு உரியதுதான். இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்கு. சில கேமராக்கள் இந்தக் குறைந்த கணக்கையே திரையில் காட்டும், சில காட்டாது. காட்டாத கேமராவில் பழைய பழக்கத்தில் அளவு வைத்தால் படம் இருண்டு வரும்.

இரண்டாவது காரணம், கூர்மையின் ஆழம். 1:1-இல் எஃப்/11 வைத்தால்கூடத் தெளிவாக விழுவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எஃப்/22, எஃப்/32 என்று மூடிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போனால், ஒளி அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதும் மெல்லிய பனி மூடியதுபோல் ஆகிவிடும். எஃப்/8-க்கும் எஃப்/13-க்கும் நடுவே நின்றுகொள்வதே என் வழக்கம். எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, எந்த நாணயத் தடிமன் வேண்டும் என்று தீர்மானிக்கிறேன். அதைப் பற்றிச் சட்டம் அமைக்கும் இடத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்குபவருக்கு ஓர் அளவு: கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் நொடியில் 200-இல் ஒரு பங்கு, எஃப்/11, ஐஎஸ்ஓ 200. ஃப்ளாஷையும் மேனுவலிலேயே 16-இல் ஒரு பங்கு திறனில் வையுங்கள். ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு. வெளுத்தால் 32-இல் ஒரு பங்கு. மேக்ரோவில் ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது. ஒருமுறை கண்டுபிடித்த அளவு காலை முழுவதும் ஓடும். இன்னொரு நன்மையும் உண்டு. குறைந்த திறனில் ஃப்ளாஷ் மின்னும் நேரம் நொடியில் 10,000-இல் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். இலை ஆடினாலும் கை நடுங்கினாலும் அந்த மின்னலில் எல்லாம் உறைந்துவிடும். முக்காலி இல்லையே என்று வருந்தி எழுதியவர்களுக்கு இதுதான் ஆறுதல்.

மூன்றாவது காரணம் மீட்டர். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எறும்பும் தெரியாது, எருக்கம்பூவும் தெரியாது. சட்டத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. எருக்கம்பூவில் தேன் குடிக்கும் பெரிய கருவண்டைப் பாருங்கள். வண்டு சட்டத்தை நிறைத்திருந்தால், கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறக்கையின் நீல மினுக்கம் வெளுத்துப்போகும். அதே வண்டு சட்டத்தின் மூலையில் சிறியதாக இருந்து, வெள்ளெருக்குக் கொத்து சட்டத்தை நிறைத்திருந்தால் கணக்கு தலைகீழாகும். பூ அழுக்குச் சாம்பலாகும்; வண்டு உருவமே இல்லாத கறுப்புத் துளையாகும். முதலாவதற்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். இரண்டாவதற்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கரும்பச்சை இலைமேல் உட்கார்ந்த சின்ன வெள்ளைப் பட்டாம்பூச்சிக்குக் குறைக்க வேண்டும். சட்டத்தை எது நிறைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்; திருகும் திசை தானாகத் தெரிந்துவிடும். ஃப்ளாஷைத் தானியங்கியில் விட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதற்குத் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் குறிப்பாக ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் மழை பெய்து மண் நனைந்ததும், வெல்வெட்டில் செய்ததுபோல் சிவப்பாக ஊர்ந்து வருமே, தம்பலப்பூச்சி. பட்டுப்பூச்சி என்று சொல்லும் ஊர்களும் உண்டு; சங்க இலக்கியம் மூதாய் என்கிறது. எட்டுக் கால் என்பதால் அறிவியல் கணக்கில் இது பூச்சி ஆகாது, சிலந்தியின் உறவு. அதைக் காரணம் காட்டி நம் பகுதியிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. இந்த மாதம் வந்த தம்பலப்பூச்சிப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை. உடல் சிவப்புச் சாயம் கொட்டியதுபோல் தட்டையாக இருக்கிறது. அந்த அழகான ரோமம் ஒன்றுகூடத் தெரியவில்லை. திரையில் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து, ரா கோப்பாக எடுங்கள். மண் சற்று இருண்டு வரும், வரட்டும். மழை நனைத்த மண் இருட்டாகத்தானே இருக்கும். அந்தக் கறுப்பில் சிவப்பு எப்படி எழுந்து நிற்கிறது என்று பாருங்கள்.

கன்னங்கரேல் என்ற பின்புலத்துக்கு வருகிறேன். ஃப்ளாஷ் வெளிச்சம் தூரத்தோடு வேகமாகச் சாகிறது. பூச்சிக்குப் பத்து செ.மீ. தூரத்தில் ஃப்ளாஷ், பூச்சிக்குப் பின்னால் முப்பது செ.மீ. தள்ளி அடுத்த இலை. ஃப்ளாஷிலிருந்து அந்த இலை நாலு மடங்கு தூரம். வெளிச்சமோ ஏறத்தாழ 16-இல் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதனால்தான் நண்பகலில் எடுத்த மாமரமும் நள்ளிரவு மாதிரி தெரிகிறது. இரவில் நடமாடும் பூச்சிக்குக் கறுப்புப் பின்புலம் பொருத்தம். பகல் வெயிலில் ஓடியாடும் முசுறுக்கு அது பொய் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் ஏதாவது இலை வரும்படி நீங்கள் நிற்கும் கோணத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் வாழையிலைச் சருகையோ பச்சை அட்டையையோ பின்னால் பிடியுங்கள். இன்னொன்று, ஐஎஸ்ஓவை 800-க்கு உயர்த்தி, ஷட்டரை நொடியில் 60-இல் ஒரு பங்குக்கு இறக்கி, ஃப்ளாஷ் திறனையும் அதற்கேற்பக் குறையுங்கள். ஃப்ளாஷ் பூச்சியைப் பார்த்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் வானமும் இலையும் தம் வெளிச்சத்திலேயே பதிவாகும்.

ஃப்ளாஷ் இல்லாதவர்கள் காலை ஆறரை மணிக்குத் தோட்டத்துக்குப் போங்கள். சுற்றுப்புறச் சூட்டைக்கொண்டு உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் உயிர்கள் இவை. பனி விழுந்த காலையில் தும்பி புல் நுனியில் அசையாமல் தொங்கும். அருகில் முகத்தைக் கொண்டுபோனாலும் பறக்காது. வெயில் சுள்ளென்று ஏறும் வரை உங்களுக்கு நேரம் உண்டு.

இனிச் சட்டம் அமைப்பது. கம்போசிஷன் என்றதும் மூன்றில் ஒரு பங்குக் கோடுகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்தக் கோடுகளால் கெடுதல் இல்லை. ஆனால் வந்த படங்களில் பெரும்பாலானவை வேறோர் இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன: நின்றபடி, மேலிருந்து கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். காலடியில் ஊர்வதை நாம் தினமும் பார்க்கும் கோணம் அது. அதிலிருந்து பூச்சியின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. மண்டியிடுங்கள். முடிந்தால் தரையில் படுத்துவிடுங்கள். லென்ஸ் பூச்சியின் கண்மட்டத்துக்கு இறங்கியதும் பின்புலம் தானாகத் தள்ளிப்போய்க் கரையும். குழிநரிக்கும் ஒரு முகம் இருப்பது தெரியவரும்.

அந்த ஒரு ரூபாய்த் தடிமனை எங்கே வைப்பது என்றால், கண்ணில். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கினாலும் பார்ப்பவர் மன்னிப்பார். கால் தெளிவாகிக் கண் மங்கினால் படம் போயிற்று. கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் உங்களையே பார்த்துத் திரும்புவதுபோல் இருக்கும். அது கருவிழி கிடையாது. உங்கள் திசையை நோக்கியிருக்கும் கண்ணறைகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. இரண்டு கண்ணிலும் அந்தப் புள்ளி ஒரே சீராகத் தெரியும் கணத்தில் அழுத்துங்கள். பார்ப்பவரை நேருக்கு நேர் நிறுத்திவிடும் படம் அப்படித்தான் கிடைக்கும்.

பட்டாம்பூச்சிக்கு வேறு கணக்கு. இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு தாள் மாதிரி தட்டை. கேமராவின் முதுகு அந்தத் தாளுக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாலே போதும், இறக்கை முழுவதும் அந்த மெல்லிய தெளிவுக்குள் வந்துவிடும்.

ஓரங்களைக் கவனியுங்கள். மீசையின் நுனி, கால் நுனி இரண்டையும் சட்டத்தின் விளிம்பு வெட்டியிருக்கும் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. இது அழகுக்காக மட்டும் சொல்வது இல்லை. ஒருவர் 'முசுறு' என்று அனுப்பிய படத்தில் எங்களுக்குச் சந்தேகம். முசுறைப் போலவே உருவம், நிறம், நடை எல்லாம் கொண்ட ஒரு குதிக்கும் சிலந்தி நம் மரங்களில் உண்டு. முன்னங்கால் இரண்டையும் மீசைபோல் தூக்கிக்கொண்டு எறும்புகளுக்கு நடுவே திரியும். எட்டுக் கால் இருக்கிறதா, ஆறா என்று எண்ணிப் பார்த்தால் முடிந்தது. அந்தப் படத்திலோ கால்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. சிலந்தியாக இருந்திருந்தால் எவ்வளவு அருமையான படம்! அச்சிட முடியாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம். முகத்தை மட்டும் காட்ட வேண்டுமென்றால் துணிந்து நெருங்கி முகத்தை மட்டும் காட்டுங்கள். முழுப் பூச்சி என்றால் முழுதாக வரட்டும். அது பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடமும் வரட்டும்.

பெரிதாக்கிக் காட்டுவது ஒன்றே குறி என்று நினைத்துவிடாதீர்கள். லெவன் பிஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் பூச்சிகளை ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 8,000 துண்டுப் படங்களாக எடுத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக வெளிச்சம் அமைத்து, ஒன்றாகச் சேர்த்து 2016-இல் காட்சிக்கு வைத்தார். ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும் வண்டுகள். வியக்கத்தக்க வேலை. அவை ஊசி குத்திப் பாதுகாத்த, உயிரற்ற மாதிரிகள். உயிரோடு உலவும் பூச்சியை எடுக்கும் நமக்குக் கிடைப்பது வேறு: அது என்ன செய்கிறது என்ற கதை. மாணவியின் நாலாவது படத்தில் அது இருக்கிறது. ஐந்தாறு முசுறுகள் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, எட்டாத இலையை எட்டி இழுக்கின்றன. அவர் அதைத்தான் நடுவில் வைத்திருக்கிறார். வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஓர் எறும்பு வெள்ளையாக எதையோ தாடையில் பிடித்திருக்கிறது. அது அந்தக் கூட்டின் இளம் புழு. வளர்ந்த முசுறுக்குப் பட்டு நூல் சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். அந்தப் புழுவைத் தறிநாடா மாதிரி இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் கொண்டுபோய்த்தான் இலைகளைத் தைக்கின்றன. படத்தின் உயிரே அந்த ஓரத்தில்தான் இருந்தது. அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். நானும் மூன்றாம் முறை பார்த்தபோதுதான் கண்டேன். எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் வெறும் கண்ணால் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கருவியைப் பற்றி இரண்டு வரி. சாதாரண 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப், செல்பேசிக் கிளிப் லென்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஆரம்பத்துக்குப் போதும். நம் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதை வைத்துக்கொண்டே காட்டு யானைகளை எடுத்தவர்.

கடைசியாக, வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஹூக்குக்கு எறும்புதான் பெரும் தொல்லையாக இருந்தது. ஓடிக்கொண்டே இருந்ததால், பிராந்தியை ஊற்றி அதை மயக்கிப் படுக்கவைத்து வரைந்தார். அது 1665. இன்றும் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இம்மாதம் வந்த படங்களில் இரண்டு அப்படி எடுக்கப்பட்டவை என்று உறுதியாகத் தெரிந்ததால் நீக்கிவிட்டோம். காலை மடித்துக்கொண்டு, மீசை தொங்கி, பூவின்மேல் யாரோ வைத்ததுபோல் கிடக்கும் பூச்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டைக் கிழித்து எடுத்த படங்களுக்கும், பசை தடவி ஒட்டவைத்த படங்களுக்கும் இந்த இதழில் என்றைக்கும் இடம் இல்லை. ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையை ஆறரை மணிப் பனி செய்து தரும். கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

அடுத்த இதழுக்கான படங்கள் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் மூன்று செய்தி எழுதுங்கள்: எந்தச் செடி, எத்தனை மணி, பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நாங்கள் தேடித் தருகிறோம்.

மாமர வீட்டுத் தங்கைக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலை ஏழு மணிக்கு, ட்ரேசிங் தாளைக் கட்டிக்கொண்டு அதே மரத்துக்குப் போங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முசுறு கடிக்கும். புழுவைத் தாடையில் பிடித்திருக்கும் எறும்பைத் தேடுங்கள். அடுத்த இதழின் அட்டைப்படம் இன்னும் முடிவாகவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்